வால்வும் செவியும்

கண்டியிலிருந்து கொழும்பு வீதி வழியே வருவோர், பிலிமத்தலாவையைக் கடக்கும்போது வீதியோரக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளையும் தட்டங்களையும் காணாமற் போக முடியாது. அத்தகைய கடையொன்றில், பழக்கமுள்ள ஒருவர் பொருள் வாங்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மினுமினுப்பை அவர் அதிகம் நோக்குவதில்லை. விரல் முட்டியினால் ஒரு தட்டுத் தட்டுகிறார். காதைச் சிறிது சாய்க்கிறார். நாதம் நீண்டு ஒலித்தால் பாத்திரத்தில் பழுதில்லை. சட்டென்று மடிந்தால் எங்கேயோ ஒரு வெடிப்பு உண்டு. அதன் பின்னரே விலை பேசுகிறார்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருளுக்கும் இந்தப் பழக்கம் மிகவும் வேண்டியது. பழைய வானொலிப் பெட்டியிலும் அம்பிளிபயரிலும் உள்ள கண்ணாடி வால்வுகளைக் கழற்றிவிட்டு வேறு வால்வுகளைச் செருகினால் சத்தம் இனிமையாகுமா என்பதே அப்பொருள். அருங்காட்சியகத்துக்குரிய கேள்வி இது என்று எண்ணிவிடாதீர்கள். இசைத்தட்டின் மீது இளைஞர்களுக்கு மீண்டும் ஆசை பிறந்திருக்கும் இந்நாளில், பாட்டன்மாரின் பெட்டிகள் பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முன்னர் என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாட்டனார் காலத்து ஸ்டீரியோ அம்பிளிபயர் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, அதில் இசைத்தட்டுக் கேட்டு வருகிறாராம். இடப்பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் எண்ணெயிற் கடுகு பொரிவது போல ஓர் இரைச்சல். ஆகவே, ஏழு வால்வுகளையும் ஒருங்கே மாற்றிவிடுவதென்று தீர்மானித்து, வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன் அடியில் இருந்த கூட்டுத்தொகை, புதிதாக உத்தியோகத்திற் சேர்ந்த அவருடைய முதல் மாதச் சம்பளம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடியது.

“சேர், இவற்றில் எது நல்ல வால்வு என்று சொல்லுங்கள்” என்றார்.

“நல்ல வால்வு எது என்பதைப் பிறகு பார்ப்போம், தம்பி. கெட்ட வால்வு எது என்று கண்டுபிடித்தீரா?” என்றேன்.

அவர் மௌனமானார். அந்தக் கேள்வியைக் கேட்கும் அறிவை எனக்குத் தந்தது புத்தகமன்று. நானே செய்த ஒரு பிழை. அதைச் சொல்லுமுன், வால்வு என்பது யாது என்று மாணவ வாசகர்களுக்காகச் சுருங்கக் கூறிவிடுகிறேன்.

காற்றை அகற்றிய கண்ணாடிக் குமிழொன்றினுள், சூடேற்றப்பட்ட உலோகத்திலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு எதிரேயுள்ள தகட்டை அடைகின்றன. எதிர்த்திசையில் அவை செல்வதில்லை. இத்தன்மையைக் கொண்டு 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் முதல் வால்வை ஆக்கினார். ஒரு வழியில் மட்டும் திறக்கும் கதவு ஆதலின் அதற்கு அப்பெயர் பொருந்திற்று. 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லீ டி பொரெஸ்ட் அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். வாய்க்காலின் மடைப்பலகையைச் சிறிது அசைத்தால் பெருநீர் கூடிக் குறைவது போல, அந்த வலையிலே சிறு மின்னழுத்தம் அசைய, தகட்டுக்குச் செல்லும் பேரோட்டம் அசைகிறது. மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் வித்தை முழுவதும் இந்த மடைக்குள்ளேதான் இருக்கிறது.

நம் நாட்டிலும் இந்த வித்தைக்கு நெடிய வரலாறு உண்டு. தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர், 1924ஆம் ஆண்டில் கொழும்பிற் பரிசோதனை ஒலிபரப்புகளைச் செய்தார். பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகள் அவருடைய கருவிக்குப் பயன்பட்டன. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் நாள் தொடங்கிற்று. 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் போர்த் தலைமையகம் எங்கள் ஊருக்கு அருகே பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. அவருடைய படையினருக்காகக் கொழும்பிலிருந்து நடத்தப்பட்ட வானொலி நிலையம் பின்னர் இலங்கையின் கைக்கு வந்து, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ எனப் புகழ்பெற்ற நிலையத்துக்கு வலுவூட்டிற்று. கடல் கடந்து தமிழகத்து வீடுகளிலும் ஒலித்த அந்த நிலையத்தின் குரலை அக்காலத்தில் அனுப்பியவை வால்வுகள். வீடுகளில் வாங்கிப் பாடியவையும் வால்வுகளே.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டனார் வாங்கிய வானொலிப் பெட்டியொன்று உண்டு. இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கு அதன் முதுகில் இரண்டு துளைகள் உள்ளன. ஆண்டுதோறும் பாட்டனாரின் திவச நாளில், அவருக்கு உவப்பான நாதசுர இசைத்தட்டை அதில் வைத்துக் கேட்பது அம்மாவின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில் நாதசுரம் கரகரத்தது. இறுதி வால்வு தளர்ந்துவிட்டதென்று நானே முடிவு செய்தேன். அதைக் கழற்றிக் குப்பையிற் போட்டுவிட்டு, பாட்டனார் பஞ்சிற் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்த மாற்று வால்வைச் செருகினேன். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவியபோது, கிடைத்தற்கரிய பொருள் என்று அவர் காத்து வைத்தது அது.

இரண்டு வாரம் நாதம் தேனாக இருந்தது. நானும் பெருமை பேசினேன். மூன்றாம் வாரம் மறுபடியும் கரகரப்பு. ஒருநாள் மாலை, பெட்டியின் பின்புறமாகச் சென்ற அம்மா, “தம்பி, உள்ளே தணல் மாதிரிச் சிவக்குது, வந்து பார்” என்று கூவினார். ஓடிச்சென்று மின்சாரத்தை நிறுத்தினேன். வால்வின் தகடு நெருப்பாய்ச் சிவந்திருந்தது. பாட்டனாரின் சேமிப்பு அன்றோடு முடிந்தது.

அப்போதும் புத்தி வரவில்லை. மூன்றாவது வால்வொன்றைத் தபாலில் வருவித்தேன். ஏதோ நல்ல காலம், அதைச் செருகுமுன் பெட்டியைக் கண்டியிலுள்ள முதிய திருத்துநர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் வால்வைத் தொடவேயில்லை. அளவுமானியின் கம்பியை ஓரிடத்தில் வைத்து முள்ளைப் பார்த்தார்.

“மாஸ்டர், விளக்குப் புகைந்தால் திரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பீர்களா? எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?” என்றார்.

குற்றம் செய்தது விரல் நுனியளவான ஒரு கொண்டென்சர். அதன் வேலை, முன்கட்டத்திலிருந்து வரும் ஒலியலையை மட்டும் விட்டு, அங்குள்ள உயர்ந்த நேரோட்ட அழுத்தத்தை இறுதி வால்வின் வலைக்குச் செல்லாமல் தடுப்பது. கடதாசியால் ஆன பழைய கொண்டென்சர் முதுமையில் கசியத் தொடங்கும். கசிந்தால், எதிர் அழுத்தத்தில் நின்று மடையைக் காக்கவேண்டிய வலை, நேர் அழுத்தத்தை நோக்கி நகரும். மடை அகலத் திறந்துகொள்ளும். எங்கள் பெட்டியில் இருந்தது ஈ.எல். 84 என்னும் இறுதி வால்வு. அது 250 வோல்ற்றில் 48 மில்லிஅம்பியர் ஓட்டத்தைத் தாங்கும். இரண்டையும் பெருக்கினால் 12 உவாற்று. அதன் தகடு தாங்கக்கூடிய வெப்பத்தின் எல்லையும் அதுவே. ஓட்டம் மிகுந்தால் தகடு சிவக்காமல் வேறு என்ன செய்யும்? புது வால்வு இளமையினால் இரண்டு வாரம் தாங்கிற்று, அவ்வளவே. இன்னும் சில நாள் போயிருந்தால் உள்ளேயிருந்த திரான்ஸ்போமரும் கருகியிருக்கும். அதற்கு மாற்று எங்கும் கிடைத்திராது. புதுக் கொண்டென்சரின் விலையோ ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கு மேற்படவில்லை. நான் குப்பையில் எறிந்த முதல் வால்வு, ஒருவேளை, எந்தப் பழுதும் இல்லாததாகவே இருந்திருக்கலாம். அந்நினைவு இன்றும் உறுத்துகிறது.

இதிலிருந்து, வால்வை மாற்றுவதே மூடத்தனம் என்று முடிவு கட்டிவிடலாகாது. வால்வு தேயும் பொருள். சூடேறும் பகுதியின் மேற்பூச்சு நாளடைவில் வலுவிழக்க, இலத்திரன்கள் குறைந்து, ஒலி சோர்ந்து கலங்கும். உள்ளுறுப்புகள் தளர்ந்த வால்வு, தட்டினால் மணி போல ஒலித்து ஸ்பீக்கரிலும் அதைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிபோற் பளபளக்கும் பூச்சொன்று உண்டு. எஞ்சிய வாயுவை உறிஞ்சுவது அது. அப்பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டதென்று பொருள். அந்த வால்வுக்கு இனி உயிரில்லை. இத்தகைய வால்வை மாற்றினால் வரும் மேன்மை, எவருடைய செவிக்கும் ஐயமின்றிப் புலப்படும்.

எது தேய்ந்தது என்று அறிவதற்குச் செலவில்லாத வழியொன்று இருக்கிறது. ஸ்டீரியோ அம்பிளிபயரில் இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே இன வால்வுகள் இருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, ஆறவிட்டு, அவ்விரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றிப் போடுங்கள். இரைச்சல் வால்வோடு சேர்ந்து அடுத்த பக்கம் போனால் குற்றவாளி வால்வு. போகாமல் பழைய இடத்திலேயே நின்றால், வால்வு நிரபராதி; கொண்டென்சரையோ தடையையோ அழுக்கேறிய சொக்கெற்றையோ தேடவேண்டும். கடைக்குப் போகாமலே செய்யக்கூடிய இந்த மாற்றந்தான் எல்லா மாற்றங்களிலும் சிறந்தது.

ஒரு வால்வுக்குப் பதில் வேறு இன வால்வைப் போடலாமா என்பது அடுத்த கேள்வி. முதற்கட்டத்தில் வரும் ஈ.சி.சி. 83 வால்வின் பெருக்கக் காரணி 100. அதன் உடன்பிறப்பான ஈ.சி.சி. 81க்கு 60. ஈ.சி.சி. 82க்கு 20க்கும் சற்றுக் குறைவு. மூன்றின் கால்களும் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. சூடேற்ற வேண்டிய மின்சாரமும் ஒன்றே. ஆகையால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதிற் புகும். ஆனால் சுற்றிலும் உள்ள தடைகள் யாவும் முதல் வால்வுக்கென்று கணக்கிடப்பட்டவை. அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தம்பிக்கு அணிவித்தது போல, உடுக்கலாம். பொருந்துமென்று உறுதி கூற முடியாது. சத்தம் மாறும் என்பது மெய். மாறியது மேன்மையா என்பது வேறு விஷயம்.

இறுதி வால்விலும் மின்வழங்கும் வால்விலும் இந்த விளையாட்டு ஆபத்தாகவே முடியும். 6 வீ 6 என்னும் வால்வு சூடேற 0.45 அம்பியர் எடுக்கிறது. அதே சொக்கெற்றிற் புகும் 6 எல் 6 எடுப்பதோ 0.9 அம்பியர், சரியாக இரு மடங்கு. பெரிய வால்வு, ஆகவே பெரிய சத்தம் என்று எண்ணிச் செருகியவர், திரான்ஸ்போமரின் ஆயுளைப் பணயம் வைக்கிறார். இரட்டையாக வேலை செய்யும் இறுதி வால்வுகளை ஒருங்கே மாற்றுவதும், மாற்றிய பின் ஓட்டத்தை அளந்து சரிபார்ப்பதும் அறிந்தவர் செய்யவேண்டிய வேலை.

உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்பெட்டிகளுக்குள் 250 வோல்ற்றும் அதற்கு மேலும் உண்டு; மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் பெரிய கொண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். அன்றியும், வால்வின் பெயர் ‘யூ’ என்ற எழுத்தில் தொடங்கினால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். மாணவர்கள் தனியே அவற்றைத் திறக்கவே கூடாது.

இனி, வாங்குவோர் அறிய வேண்டியது. பழைய வால்வின் மீது எழுதிய பெயருக்காகவே சிலர் பெருந்தொகை கொடுக்கின்றனர். இங்கிலாந்தின் பிளக்பேர்ண் நகரில் இயங்கிய முலார்ட் தொழிற்சாலையின் வால்வுகளுக்கு உலகெங்கும் மதிப்புண்டு. அத்தொழிற்சாலையின் வால்வு உற்பத்தி நின்று நெடுங்காலமாயிற்று. இன்று அதே பெயர் தாங்கி வரும் புது வால்வுகள் ரஷ்யாவின் சரத்தோவ் நகரில் ஆக்கப்பட்டவை. அவை தரங்குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. பெயர் ஒன்று, பிறந்த வீடு வேறு என்று மட்டுமே சொல்கிறேன். 1954இல் நிறுவப்பட்ட இந்திய அரசின் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம், 1961 முதல் ஹொலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தின் உதவியோடு வானொலி வால்வுகளைச் செய்தது. அவற்றையும் இன்று சேகரிப்போர் தேடுகின்றனர். புது வால்வுகளைச் செய்வோர் இன்று ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா போன்ற சில நாடுகளிலேயே உளர். 2022இல் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி சில காலம் தடைப்பட்டபோது உலகெங்கும் வால்வு வாங்குவோர் கலங்கினர். ஆகவே, நன்றாக வேலை செய்யும் வால்வொன்று கையிலிருந்தால், அது பழையது என்பதற்காகவே எறிந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மை ஏமாற்றக்கூடியது நமது செவி. சற்று உரத்து ஒலிப்பதைச் செவி ‘இனிமை’ என்று கொள்ளும். விலை கொடுத்ததை மனம் ‘சிறப்பு’ என்று கொள்ளும். இரண்டையும் வெல்ல வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். அனுபவமுள்ள ஒருவர் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் பழைய வால்வையும் தலை விழுந்தால் புது வால்வையும் போடட்டும். கேட்பவர் வேறு அறையில் இருந்து, வால்வு சூடேறியபின் வந்து, கண்ணை மூடி ஒரே பாடலைக் கேட்கட்டும். சத்த அளவு இரண்டுக்கும் சமமாக இருத்தல் முக்கியம். இப்படிப் பத்து முறை. வெறும் ஊகத்தினாலேயே ஐந்து சரியாக வந்துவிடும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு ஊகத்துக்குள்ள வாய்ப்பு 1024இல் 11 மட்டுமே, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று. கணிதம் பயிலும் மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்பது சரியாகச் சொன்னவருக்கு வேறுபாடு உண்மையிலேயே கேட்கிறது என்று நம்பலாம். வால்வு ஆறிச் சூடேறும் இடைவேளையில் ஒலியின் நினைவு மங்கிவிடும் என்ற குறை இப்பரீட்சைக்கு உண்டு. ஆயினும் குறையுள்ள பரீட்சை, பரீட்சையே இல்லாத உறுதியினும் மேலானது. நான் செய்தபோது பத்தில் ஆறு சரி. அன்றிலிருந்து வால்வுகளின் இனிமையைப் பற்றிச் சபையிற் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் கேட்ட அந்த மாணவர், விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுவாரம் தொலைபேசியிற் பேசினார்.

“சேர், முதற்கட்ட வால்வுகள் இரண்டையும் மாற்றிப் போட்டேன். இரைச்சல் வலப்பக்கம் போய்விட்டது.”

என் பெட்டியில் வால்வு நிரபராதி. அவருடையதில் வால்வே குற்றவாளி! ஆனால் ஏழில் ஒன்று மட்டும். ஒரேயொரு ஈ.சி.சி. 83 வாங்கினார், இரைச்சல் நின்றது. மற்ற ஆறும் பாட்டனார் வைத்தபடியே பாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, தம் தாயாருக்கு எங்கள் ஊர்க் கடையிலே ஒரு குத்துவிளக்கு வாங்கினார். நானும் உடன் சென்றிருந்தேன். கடைக்காரர் மிகவும் பளபளப்பான விளக்கை எடுத்து முன்னே வைத்தார். மாணவர் அதைப் பார்த்துவிட்டு, விரல் முட்டியினால் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சிறிது சாய்த்தார். பிறகுதான் விலை கேட்டார்.